கால்பங்கு சேர்க்காத கணக்கு

பட்டறையில் அவளுக்குக் கால்பங்கு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகு திரும்பினால் சொல்வார்கள். எந்த எண்ணைக் கேட்டாலும் அதோடு கால்பங்கு சேர்த்துத்தான் கொடுப்பாள். நூறு குழாய் போதும் என்று கணக்கு வந்தால் நூற்றிருபத்தைந்து என்று எழுதுவாள்.

அவள் வேலை வெப்பக் கணக்கு. அந்த நிறுவனம் ஆலைகளுக்குக் குளிர்விப்பான்கள் செய்து கொடுத்தது. ஓர் இரும்புக் கூட்டுக்குள் கட்டுக்கட்டாக மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் சூடான திரவம் ஓடும், வெளியே குளிர்ந்த நீர் ஓடும். ஓடுகிற திரவம் குழாய்ச் சுவரிடம் எவ்வளவு விரைவாகச் சூட்டைக் கொடுக்கும் என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஆபீசில் வெறும் ‘எச்’.

எச்சை முன்கூட்டி அளக்க முடியாது. பொருளே இன்னும் செய்யப்படவில்லையே. யாரோ, எங்கோ, எப்போதோ பல குழாய்களில் பல திரவங்களை ஓட்டிப் பார்த்து, கிடைத்த புள்ளிகளின் நடுவே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை ஃபார்முலாவாக எழுதி வைத்திருக்கிறார்கள். வேகம், குழாயின் அகலம், திரவத்தின் பிசுபிசுப்பு எல்லாவற்றையும் அதில் போட்டால் எச் வரும். வருவது உண்மை அல்ல, உண்மைக்குப் பக்கத்து வீடு. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் கால்பங்கு தூரம்வரை புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

அதனால்தான் கால்பங்கு. இதை அவள் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கினால் பயந்தவள் என்பார்கள்.

அடுத்த மேசையில் அவள் கணவனின் தம்பி. அவள் தருகிற குழாய் எண்ணிக்கையை வைத்துக் கூட்டை வரைவதும், பட்டறையில் நின்று செய்து முடிப்பதும் அவன் வேலை. கணக்கு அவள் பக்கம், குழாய் அவன் பக்கம். ஒருவர் வேலையை ஒருவர் திறந்து பார்ப்பதில்லை. சொந்தத்துக்குள் என்ன சோதனை என்பார் முதலாளி. அவர்களுக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது.

போன வருடம் ஒரு குளிர்விப்பான், வீட்டு வாசலில் நுழையாத கட்டில்போல ஆகிவிட்டது. ஆலைக் கதவுக்குள் போகவில்லை. சுவரை இடித்தார்கள். முதலாளி எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “அம்மா, உங்க கால்பங்கு சுவரை இடிச்சிடுச்சு.” எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மறுநாள் அந்த ஆலைக்குப் போய் இடித்த சுவரையும் குளிர்விப்பானையும் பார்த்தாள். மூடியைக் கழற்றச் சொல்லிக் குழாய்களை எண்ணினாள். அவள் கொடுத்ததைவிட அதிகம் இருந்தது. அவள் சேர்த்த கால்பங்குக்கு மேல் அவனும் தன் பங்குக்கு ஒரு கால்பங்கு சேர்த்திருந்தான். சுவரை இடித்தவர்கள் இரண்டு பேர். பெயர் ஒருத்திக்கு.

காட்டிக் கொடுக்கவில்லை. இனி அவன் சேர்க்கட்டும், நான் சேர்ப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்தாள். அவனிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவை அவன் கேட்டான்: “அண்ணி, இதுல கால்பங்கு இருக்கா?” கேலி என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அதோடு கேட்பதை விட்டுவிட்டான்.

அதற்குப் பின் வந்த முதல் பெரிய வேலை பெயின்ட் பிசின் செய்யும் ஆலையினுடையது. அவள் கணவன் அங்கே பிசின் கலக்கும் பெரிய பாத்திரத்துக்குப் பொறுப்பாளன். வேலையை நிறுவனத்துக்குக் கொண்டுவந்ததே அவன்தான். “என் பொண்டாட்டி கணக்குப் போட்டு, என் தம்பி செஞ்ச சாமான்” என்று ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் கணக்கில் வந்தது இருநூறு குழாய். இருநூறு என்றே எழுதினாள்.

அன்று அந்தப் பாத்திரம் முதல் தடவையாக முழு அளவில் ஓடுகிற நாள்.

“பத்து மணிக்கு ஊத்த ஆரம்பிச்சிருப்பாரு,” என்றான் தம்பி. நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கால் ஆட்டிக்கொண்டிருந்தான். “காலைல எப்படி இருந்தாரு?”

“சட்டைய உள்பக்கம் வெளிய போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. வாசல்ல கூப்பிட்டு மாத்த வெச்சேன்.”

“அவருக்குப் புதுப் பாத்திரம்னா கல்யாணம் மாதிரி அண்ணி.”

“கல்யாணத்துக்கு இவ்வளவு சந்தோஷமா வரல. நான் பார்த்தேன்.”

அவன் சிரித்தான். சிரித்து முடித்துக் குரலைத் தாழ்த்தினான். “ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். இப்பத்தான் சொல்றேன். திட்டக் கூடாது.”

“திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன்.”

“பின்னாடி துருப்பிடிச்சு ஒரு பழைய கூடு கிடந்துச்சுல்ல. அதையே சுத்தம் பண்ணிப் போட்டுட்டேன். புதுசு செஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மாசம். அண்ணன் என் தலையைத் தின்னிருப்பாரு.”

அவள் பேனாவை நிறுத்தாமல் கேட்டாள். “அதுல இருநூறு குழாய் அடங்காதே.”

“அடங்காது. நூத்தி அறுபதுதான். அதுலதான் அழகே இருக்கு. நூத்தி அறுபதோட அதுல கால்பங்கு நாப்பதைச் சேர்த்தாத்தானே உங்க இருநூறு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துச்சு.”

பேனா நின்றது.

“உன்னோடது?”

“என்னோடது என்ன?”

“நீ சேர்ப்பியே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா. சுவர் இடிச்ச வேலையில எண்ணிப் பார்த்தேன்.”

அவன் முகம் சிவந்தது. “தெரியுமா உங்களுக்கு? சரி. இந்தத் தடவை சேர்க்கல அண்ணி. எங்க சேர்க்கிறது, கூடு சின்னது. அதான் நீங்க போட்டிருப்பீங்கல்லன்னு தைரியமா விட்டேன்.”

“நான் போடல.”

“விளையாடாதீங்க.”

“நான் போடல தம்பி. இருநூறுங்கிறது வெறும் இருநூறு.”

அவன் நாற்காலியின் முன்கால்கள் மெதுவாகத் தரையைத் தொட்டன. வெளியே பட்டறையில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் அறைக்குள் வந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. கணக்குத்தான் வந்தது. இருநூறு வேண்டிய இடத்தில் நூற்றறுபது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபார்முலா அச்சு அசலாகச் சரியாக இருந்தாலே குறைவு.

“அரை வேகத்துல ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தாங்களே,” என்றான் அவன். “ஒண்ணும் ஆகலையே அண்ணி. சூடு ஒரு டிகிரி கூட ஏறலன்னு அண்ணனே சொன்னாரு.”

“அரை வேகத்துக்கு நூறு குழாய் போதும்.”

அந்த ஆலையின் வேலை இப்படி: பெரிய பாத்திரத்தில் ஒரு திரவத்தைக் கலக்கிக்கொண்டே இன்னொரு திரவத்தைச் சீராக ஊற்றுவார்கள். இரண்டும் கூடும்போது சூடு கிளம்பும். கிளம்புகிற சூட்டைக் குளிர்விப்பான் அவ்வப்போதே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் இன்னும் விரைவாகக் கூடும். விரைவாகக் கூடினால் இன்னும் சூடு. ஓர் எல்லைக்கு மேல் போனால் மூடியில் அழுத்தத்துக்குக் கிழிவதற்கென்றே வைத்த மெல்லிய தகடு கிழிந்து, உள்ளே இருப்பது கொதியோடு மேலே வரும். பக்கத்தில் நிற்பவன் மேல் வரும்.

அவள் கணவனின் எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தீப்பற்றக்கூடிய ஆவி உள்ள இடம் என்பதால் எல்லாருடைய போனும் வாசல் காவலர் அறையில், ஒரு மரப்பெட்டிக்குள். அவன் போன் அந்த இருட்டில் கிடந்து அடிக்கிறது.

ஆலை மேனேஜர் வெளியூரில் இருந்தார். போன் அணைக்கப்பட்டிருந்தது. காவலர் அறையின் எண்ணை அழைத்தாள்.

“அண்ணே, பாத்திரப் பொறுப்பாளரோட வீட்டுக்காரம்மா பேசறேன். ஊத்துறதை உடனே நிறுத்தச் சொல்லுங்க. குளிர்விப்பான் பத்தாது.”

“என்ன பத்தாதும்மா?”

“குழாய் கம்மி அண்ணே. ஊத்துறதை நிறுத்தினாப் போதும். அதை மட்டும் சொல்லுங்க.”

“அதெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா. உற்பத்தி விஷயம். மேனேஜர் சொன்னாத்தான். போன வாரம் இப்படித்தான் எவனோ போன் பண்ணி மோட்டாரை நிறுத்துன்னான், நானும் போய்ச் சொல்லி, எனக்கு மெமோ.” கொஞ்சம் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். “வீட்டு விஷயம்னா கூப்பிட்டு விடலாம். அதுக்கு எனக்கு அனுமதி இருக்கு.”

அவள் கண்ணை மூடினாள். “வீட்டு விஷயம்தான் அண்ணே. நானும் அவர் தம்பியும் கிளம்பி வர்றோம். வாசலுக்கு வரச் சொல்லுங்க.”

தம்பி ஏற்கெனவே வேன் சாவியை எடுத்திருந்தான்.

வழியில் அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். ஹாரன் அடித்தான், கெஞ்சினான், முன்னால் போன லாரிக்காரனைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினான். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டான். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. உங்க கோபத்துக்குப் பயந்துக்கிட்டு கேக்கல அண்ணி.”

“நானும் சொல்லியிருக்கலாம்.”

“நீங்க என்னைத் திட்டுங்க. இப்படிச் சொல்லாதீங்க.”

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனம் ஒரே ஓரத்தைப் பிடித்துத் தொங்கியது. ஃபார்முலா கால்பங்கு இந்தப் பக்கமும் தவறலாம், அந்தப் பக்கமும் தவறலாம். இருநூறு என்பது இருநூற்றைம்பதாகவும் இருக்கலாம், நூற்றைம்பதாகவும் இருக்கலாம். நூற்றைம்பதாக இருந்துவிட்டால் நூற்றறுபது போதும், பத்துக் குழாய் மிச்சம்கூட. இத்தனை வருடம் இந்தச் சிதறலை எதிரியாக நினைத்துக் கணக்குப் போட்டவள் இப்போது அதையே கும்பிட்டாள். தவறாகவே இருக்கட்டும். நல்ல பக்கமாகத் தவறியிருக்கட்டும்.

ஆலை வாசலில் வேன் நின்றபோது அவள் கணவன் உள்ளிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். தலைக்கவசம் இல்லை. கையுறை இல்லை. இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் ஓட்டம் நடையானது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“யாரு,” என்றான். “அம்மாவா?”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. வேலை நேரத்தில், மனைவியும் தம்பியும், ஒரே வண்டியில். வேறு எதற்கு வருவார்கள்?

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்லண்ணா,” என்றான் தம்பி. “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க.”

“அப்புறம் ஏன்டா இப்படி…” அவன் கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். “ஆள் அனுப்பிக் கூப்பிட்டா நான் என்னன்னு நினைப்பேன். பாதி வழியில கால் வரல எனக்கு.”

“ஊத்துறது ஓடுதா?” என்றாள் அவள்.

“நிறுத்திட்டுத்தான் வந்தேன். ரெண்டு பேர் இல்லாம ஊத்தக் கூடாது. பாத்திரத்துக்கிட்ட என் உதவியாள் நெட்டை நிக்கிறான். ஏன்?”

நிறுத்திவிட்டான். அவளுக்கு மூச்சு வந்தது. சொன்னாள். சொல்ல நாலு வாக்கியம்தான் ஆயிற்று. அவன் அவளைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

“நூத்தி அறுபதா?”

“ஆமா.”

“கால்பங்கு போடாமலா?”

“ஆமா.”

அவன் முகத்தில் இருந்த நிறம் ஒவ்வோர் அடுக்காக இறங்குவதை அவள் பார்த்தாள். எதற்கு இவ்வளவு? நிறுத்தியாகிவிட்டதே.

“நான் கால்பங்கு வேகமா ஊத்தினேன்,” என்றான்.

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ ஒரு கால்பங்கு சேர்த்திருப்பே. இவன் ஒரு கால்பங்கு சேர்த்திருப்பான். ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் வேகமா ஊத்தினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும், உங்க சாமான் எவ்வளவு தாங்குதுன்னு எல்லாருக்கும் காட்டலாம்னு…”

நூற்றைம்பது என்ற ஓரம் அவள் கையைவிட்டுப் போனது. அவ்வளவு வேகத்துக்கு நல்ல பக்கமாகத் தவறியிருந்தாலும் நூற்று எண்பத்தேழு வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் போதாது. ஊற்றியதில் பாதி இன்னும் கூடாமல் உள்ளேயே கிடக்கும். ஊற்றுவதை நிறுத்தினாலும் அது நிற்காது.

“கிளம்பறப்போ சூடு எவ்வளவு?”

“எண்பத்தெட்டு.”

“இருக்க வேண்டியது எண்பது.”

“கால் மணி நேரமா ஏறுச்சு. முதல்ல மெதுவா. நெட்டை சொன்னான், நான்தான் இறங்கும்டா, என் பொண்டாட்டி கணக்குடான்னேன்.”

காவலர் அறையிலிருந்து உள்ளுக்குப் போன் போட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்தது. எடுக்க ஆள் இல்லை. பொறுப்பாளர் வெளியே போனால் மற்றவர் பாத்திரத்தின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. நெட்டை விதிப்படி நின்றுகொண்டிருந்தான். காவலர் சங்கை ஊதினார். பொதி கட்டும் பகுதியிலிருந்து ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். நெட்டை வரவில்லை. சங்கு ஊதினாலும் பாத்திரத்துக்காரன் மட்டும், பொறுப்பாளர் நேரில் வந்து சொல்லாமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது. இந்த விதியை எழுதியவனும் அவள் கணவன்தான்.

“கீழ கொட்டு வால்வு இருக்கு,” என்றான். “திறந்தா எல்லாம் குளிர்ந்த தண்ணித் தொட்டியில போய் விழும். அடங்கிடும். கையாலதான் திறக்கணும். நெட்டைக்கு அது பழக்கமில்லை.” சொல்லிக்கொண்டே திரும்பி உள்ளே பார்த்தான். “போய், திறந்து, அவனைக் கூட்டிக்கிட்டு வர எட்டு நிமிஷம் ஆகும். எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

அவள் அவனையே பார்த்தாள்.

“அந்தத் தகடு எப்பக் கிழியும்? உனக்குத்தான் தெரியும். சொல்லு.”

அந்தப் பாத்திரத்தின் எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எவ்வளவு சூடு உள்ளே பிறக்கிறது, எவ்வளவு வெளியே போகிறது, மிச்சம் எதைச் சூடாக்குகிறது. காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிடம் என்று சொன்னால் அவன் போக மாட்டான். இங்கேயே, இந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம், அவளுடன் நிற்பான். உள்ளே நெட்டை நிற்பான். நெட்டைக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது, எப்பப் பார்த்தாலும் உங்க வீட்டுக்காரர் பேச்சுதான் அக்கா என்று சொல்லிச் சிரித்தவள். இருபது என்று சொன்னால் அவன் நிதானமாகப் போவான்.

“பயத்தைச் சேர்க்காம சொல்லு,” என்றான் அவன். “தைரியத்தையும் சேர்க்காத. உள்ளதைச் சொல்லு.”

“பன்னெண்டு நிமிஷம்,” என்றாள். “ஒன்பதாவும் இருக்கலாம். பதினஞ்சாவும் இருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அவன் தலையசைத்தான். அவள் தோளைக்கூடத் தொடவில்லை. திரும்பி ஓடினான். தம்பி பின்னாலேயே பாய்ந்தான். காவலர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினார். அவன் கதவை இரண்டு தடவை உதைத்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்தவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். பயிற்சிச் சங்கு என்று நினைத்து ஒருவன் பீடி கேட்டுக்கொண்டிருந்தான். இவர்கள் மூவரின் முகத்தையும் பார்த்துக் கேட்பதை நிறுத்தினான்.

“அண்ணி.”

“ம்.”

“நீங்க சொன்ன பன்னெண்டுல கால்பங்கு இருக்கா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“அதுல நான் எதுவுமே சேர்க்கல தம்பி.”

அவன் அவள் கையைப் பிடித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவள் கையைத் தொட்டதில்லை. சின்னப் பிள்ளையின் கைபோல ஈரமாக இருந்தது.

அவள் மணி பார்க்கவில்லை. பார்த்தால் அந்த எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள். ஆலையின் தகரக் கூரையைப் பார்த்தாள். கூரைமேல் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. அவை பறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

காகங்கள் பறந்தன.

முதலில் தரை அதிர்ந்தது. பிறகு கட்டடத்தின் பின்னாலிருந்து, ஆயிரம் அடுப்பில் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றியது போன்ற சத்தம். வெள்ளையாக ஆவி கூரைக்கு மேலே எழுந்தது. கூட்டம் பின்வாங்கியது. தம்பியின் பிடி இறுகியது. ஆவி எங்கிருந்து வருகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாத்திரத்தின் தகட்டிலிருந்தா, கீழே தண்ணீர்த் தொட்டியிலிருந்தா? இரண்டும் இங்கிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை. கணக்குப் பார்ப்பவளுக்கும் ஒரே வெள்ளை.

“தொட்டிம்மா,” என்றார் காவலர். “அது தொட்டிப் பக்கம். நான் இருபது வருஷமா இந்த வாசல்ல உக்காந்திருக்கேன். தொட்டிப் பக்கம்தான்.”

நெட்டை முதலில் வந்தான். ஓடி வரவில்லை. நீளமான கால்களை மடக்கி மடக்கி, சந்தையில் வழி தவறியவனைப்போல நடந்து வந்தான். வாசலில் வந்து நின்று எல்லாரையும் பார்த்தான்.

“என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டாரும்மா,” என்றான். “போடான்னு கத்தினாரு. ஒரு நாளும் என்னை டா போட்டதில்ல.” சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அவனுக்குப் பின்னால் அவள் கணவன் வந்தான். நிமிர்ந்து நடந்து வந்தான். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தான், ஈர வர்ணம் பூசிய கதவைத் தொட்டுவிட்டவனைப்போல. அருகில் வந்த பிறகுதான் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வால்வின் சக்கரம் பாத்திரத்தோடு சேர்ந்து காய்ந்திருக்கிறது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டல்லவா அம்மாவுக்கு என்னவோ என்று ஓடி வந்தான். போகும்போது எடுக்க நேரமில்லை.

“திறந்துடுச்சு,” என்றான் அவளிடம். “எண்பத்தொம்பதா, தொண்ணூத்தி அஞ்சா, முள்ளைப் பார்க்கல. பார்த்தா நின்னுடுவேன்னு பயம்.”

தகடு எப்போது கிழிந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது. பன்னிரண்டா ஒன்பதா என்று சரிபார்க்க அந்தப் பாத்திரத்தில் எதுவும் மிச்சம் இல்லை.

“அண்ணா, நான்தான்,” என்றான் தம்பி. “நூத்தி அறுபது நான்தான்.”

“தெரியுது. அப்புறம் அழு. கதவைத் திற.”

காவலர் அறைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. அவள் கணவனை முழங்கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். காவலர் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“இதுல கையை முக்குங்க. குளுகுளுன்னு இருக்கும்.”

“வாளி வேண்டாம் அண்ணே,” என்றாள். “நிக்கிற தண்ணி பத்தாது. கையைச் சுத்தி அதுவும் சூடாகி அங்கேயே நின்னுடும். ஓடணும்.”

குழாயைத் திறந்தாள். சீறி வந்தது. கொப்புளம் கிழியாமல் இருக்கப் பாதியாகக் குறைத்தாள். அவன் மணிக்கட்டுகளைப் பிடித்து, தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து விரல்வழியே ஓடும்படி சாய்த்துப் பிடித்தாள். அவன் பல்லைக் கடித்தான். தோள் இரண்டும் ஒரு தடவை குலுங்கின. தண்ணீரின் குளிரா வேறெதுவுமா என்று அவள் பார்க்கவில்லை.

“எவ்வளவு நேரம் பிடிக்கணும்?” என்றான்.

அவளுக்கு ஓர் எண் வந்தது. சொல்லவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“பிடிங்க,” என்றாள்.